போட்டோ எடிட்டிங்குக்கு எந்த கிராபிக்ஸ் டேப்லெட்? தாளை மடித்து அளந்துவிட்டு வாங்குங்கள்

கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே விழும் கருநிழலை மவுஸால் சரிசெய்து பார்த்திருக்கிறீர்களா? மவுஸுக்குத் தெரிந்தது அமுக்குவதும் விடுவதும் மட்டும்தான். லேசாகத் தொட்டால் லேசான பூச்சு, கொஞ்சம் அழுத்தினால் கூடுதல் பூச்சு என்பது பேனாவுக்கு மட்டுமே வரும். அதற்காகத்தான் கணினியோடு இணைத்துப் பேனாவால் இயக்கும் பலகையான கிராபிக்ஸ் டேப்லெட்டை வாங்குகிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் பாதி அம்சங்கள் நமக்குத் தேவையில்லை என்பது புரிந்துவிடும்.

1. திரை வேண்டாம்

திரையோடு வரும் டேப்லெட் ஓவியர்களுக்கு அருமையான கருவி. போட்டோ திருத்துகிறவருக்கு முதல் டேப்லெட்டாக அதை நான் சொல்லமாட்டேன். குனிந்தே வேலை பார்க்க வேண்டும், கையே படத்தை மறைக்கும், அந்தத் திரையின் நிறமும் உங்கள் மானிட்டரின் நிறமும் ஒன்றாகத் தெரிய வைப்பது தனி வேலை. விலையும் மிக அதிகம். அந்தப் பணத்தில் நல்ல மானிட்டரே வாங்கிவிடலாம்.

2. அளவு: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

திரையில்லாத டேப்லெட்டில் பேனா வேலை செய்யும் பரப்பு உங்கள் மானிட்டர் முழுவதற்கும் ஈடு. பலகையின் இடது மூலையைத் தொட்டால் திரையின் இடது மூலை. ஆகவே பலகையின் அளவை உங்கள் திரையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வாக்கம் நிறுவனத்தின் சிறிய இன்டுவோஸ் டேப்லெட்டின் பரப்பு 152 × 95 மில்லிமீட்டர். நடுத்தர அளவு 216 × 135. 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். சிறிய பலகையில் கை 1 செ.மீ. நகர்ந்தால் அந்தத் திரையில் அம்பு ஏறக்குறைய 3.5 செ.மீ. ஓடும், கையின் சிறு நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். நடுத்தரப் பலகையில் அது 2.5 செ.மீ.தான். 15.6 அங்குல லேப்டாப் என்றால் சிறிய பலகையிலேயே 2.3 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். அதனால் என் கணக்கு இது: லேப்டாப்பில் வேலை என்றால் சிறியது, 24 அங்குல மானிட்டர் என்றால் நடுத்தரம். அதற்கு மேல் பெரியதை வாங்கினால் முழங்கையோடு சேர்த்து வீச வேண்டியிருக்கும், மேசையும் போதாது.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஏ4 தாளை இரண்டாக மடியுங்கள். அது கிட்டத்தட்ட நடுத்தரப் பலகையின் பரப்பு. இன்னொரு முறை மடித்தால் சிறியதன் பரப்புக்கு அருகில் வரும். பரப்பைச் சுற்றி ஓரமும் உண்டு, அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, திரையைப் பார்த்தபடியே ஒரு பேனாவால் பத்து நிமிடம் வட்டங்கள் போட்டுப் பாருங்கள். தோள் வலித்தால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துவராது.

3. பேனா

2048, 4096, 8192 என்று அழுத்த நிலைகளை எண்ணி விலை ஏற்றுவார்கள். 2048 இருந்தாலே போட்டோ வேலைக்குத் தாராளம். நம் விரலால் அத்தனை படிகளைப் பிரித்து அழுத்தவே முடியாது. பார்க்க வேண்டியது, எவ்வளவு லேசான தொடுகையிலேயே பேனா கோடு போடத் தொடங்குகிறது என்பதை. கடையில் முடிந்தால், பேனாவின் எடை மட்டும் பலகையில் படும்படி இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் நல்ல பேனா. பேனாவைச் சாய்ப்பதை உணரும் வசதி ஓவியத்துக்கு உதவும், நமக்கு அவசியமில்லை.

பேட்டரி இல்லாத பேனாவையே எடுங்கள். பலகைக்குள் இருக்கும் சுருள்கள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே பேனா தன் சக்தியை எடுத்துக்கொள்ளும். வாக்கம் மட்டுமல்ல, ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்களும் இப்போது இப்படிப்பட்ட பேனா தருகின்றன. அதே விலைக்கு அவற்றில் பெரும்பாலும் பெரிய பரப்பு கிடைக்கும்.

பழைய டேப்லெட் வாங்குவதானால் அதற்கே உரிய பேனா கூட வருகிறதா என்று பாருங்கள். ஒரு மாடலின் பேனா இன்னொன்றில் வேலை செய்யும் என்று நம்பி பலகையை மட்டும் வாங்கி ஏமாந்தவன் நான். உங்கள் கணினிக்கு அந்த டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

4. வீட்டுக்கு வந்ததும்

வேறு டேப்லெட்டின் டிரைவர் இருந்தால் முதலில் நீக்குங்கள், இரண்டும் மோதிக்கொள்ளும். புதியதை நிறுவியபின் டிரைவரில் பலகையின் நீள அகல விகிதத்தைத் திரையோடு பொருத்தும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 16:10 பலகையில் நீங்கள் போடும் வட்டம் 16:9 திரையில் நீள்வட்டமாக விழும். இதைச் செய்தால் பலகையில் ஒரு சிறு பட்டை வீணாகும், போகட்டும்.

விண்டோஸில் பேனாவை ஓரிடத்தில் வைத்திருந்தால் ஒரு வளையம் தோன்றி வேலையை நிறுத்தும். அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் வசதியை அணைத்தால் அது போய்விடும்.

5. முதல் பயிற்சி

போட்டோஷாப்பில் ஒரு முகப் படத்தைத் திறந்து, அதன் மேல் 50 சதவீதச் சாம்பல் நிறம் நிரப்பிய புதிய லேயர் வையுங்கள். லேயர் முறை சாஃப்ட் லைட். சாம்பல் மறைந்து படம் பழையபடி தெரியும். ஓரம் மென்மையான பிரஷ், வெள்ளை நிறம், நிறம் வெளிவரும் வேகமான ஃப்ளோ 5 சதவீதம். மேல் பட்டியில் ஒபாசிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அழுத்தப் பொத்தானை இயக்குங்கள்; பிரஷின் அளவுக்கான அழுத்தம் அணைந்தே இருக்கட்டும். இனி கண்ணுக்குக் கீழே உள்ள நிழல் மேல், தூசி துடைப்பது போலத் தொட்டுத் தொட்டு எடுங்கள். அதிகமாகிவிட்டதா? அதே சாம்பலை மேலே பூசினால் பழைய நிலை.

எவ்வளவு அழுத்தினாலும் பூச்சு ஒரே மாதிரி விழுந்தால், டிரைவரில், விண்டோஸின் பேனா வசதியான விண்டோஸ் இங்க் தேர்வை மாற்றிப் பாருங்கள். லேசான தொடுகை பதியவில்லை என்றால் அங்கேயே பேனா முனையின் அழுத்த அமைப்பை மென்மைப் பக்கம் நகர்த்துங்கள்.

முதல் வாரம் மவுஸை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் கை தானாக அதற்கே போகும். கையைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்ப்பது மூன்று நான்கு நாளில் வந்துவிடும். நிப்பு தேய்ந்து ஒரு பக்கம் உளிபோலக் கூராகிவிட்டால் உடனே மாற்றுங்கள், பலகையில் கீறல் விழும். மாற்று நிப்பும், அதைப் பிடுங்கும் சிறு வளையமும் பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும். தூக்கிப் போடும் முன் அட்டை மடிப்புகளை ஒருமுறை தேடுங்கள்.