வாழை நடும் முன் காற்றைக் கணக்கிடுங்கள்

வாழைக்கு உகந்த வெப்பம் 26 முதல் 30 டிகிரி செல்சியஸ். 38-ஐத் தாண்டினால் இலை ஓரம் கருகும். தண்ணீர் தவறாமல் கிடைத்தால் மரம் அதைத் தாங்கிக்கொள்ளும். கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் சொட்டுநீர் கொடுங்கள். வெயிலைவிடக் குளிர் பொல்லாதது. 16 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். குலை தள்ளும் நேரத்தில் குளிர் பிடித்தால் தார் கழுத்திலேயே சிக்கிக்கொள்ளும். பழனி மலைச்சரிவில் விருப்பாச்சியும் சிறுமலையில் சிறுமலை ரகமும் நிலைத்தது சும்மா அல்ல. அந்த உயரத்துக்கு ஜி9 (கிராண்ட் நைன் என்னும் திசு வளர்ப்பு ரகம்) வேண்டாம்.

ஆனால் தமிழ்நாட்டுச் சமவெளியில் வாழை விவசாயியைக் கவிழ்ப்பது காற்றுதான். இலை நாலைந்து கீற்றாகக் கிழிவதால் பெரிய நட்டமில்லை. தாரோடு நிற்கும் மரம் சாய்ந்தால் ஓராண்டு உழைப்பும் போயிற்று. வேர் பெரும்பாலும் மேல்மண்ணின் இரண்டடிக்குள்ளேயே இருக்கிறது. மேலே தார் கனம், கீழே ஈரமண்.

ஆகவே நடவு மாதத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். நேந்திரன் ஏழு மாதத்தில் குலை தள்ளி, 10–11 மாதத்தில் வெட்டுக்கு வரும். பூவனுக்கு 12–14 மாதம், கற்பூரவள்ளிக்கு இன்னும் கூடும். கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று சுழற்றும். அங்கே ஜூனில் நட்ட நேந்திரன் ஜனவரியில் குலை தள்ளும், காற்று தொடங்குமுன் வெட்டிவிடலாம். அந்தக் காற்றில் கன்று சாயாது, இலைதான் கிழியும். காவிரிப் படுகையில் ஆபத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், தென்னையோடு வாழைத் தோட்டங்களையும் படுக்க வைத்தது. படுகை நிலத்தில் ஆகஸ்டில் பூவன் நட்டால் அடுத்த ஆண்டு புயல் மும்முரமாகுமுன் பெரும்பாலான தார் இறங்கிவிடும். இளங்கன்று ஐப்பசி மழையைச் சந்திக்கும் என்பதால் ஒன்றரையடி ஆழ வடிகால் கட்டாயம். இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகத் தொடங்கும்.

ஏப்ரல், மே கோடைமழையோடு திடீரென வரும் சூறைக்கு எந்தக் கணக்கும் உதவாது, முட்டுதான் கதி. சவுக்குக் கம்பு இரண்டைக் கத்தரிக்கோல்போல் குறுக்கே கட்டி, தார் சாயும் பக்கத்தில், தாருக்குச் சற்றுக் கீழே தண்டைத் தாங்கும்படி வையுங்கள். கம்பின் அடி மண்ணில் ஓரடியாவது இறங்கட்டும். தார் முற்றும்வரை காத்திருக்காமல், குலை தள்ளியதுமே முட்டுக் கொடுங்கள். மூன்றாம், ஐந்தாம் மாதங்களில் மண் அணைத்த மரம் பிடிப்பாக நிற்கும். காற்று எச்சரிக்கை இருந்தால் அன்று தண்ணீர் பாய்ச்சாதீர்கள்.

காற்று வரும் திசையில் இரண்டு வரிசை சவுக்கோ அகத்தியோ இருக்கட்டும். சுவர்போல் அடைத்து நட வேண்டாம். காற்று மேலேறி உள்ளே சுழன்று விழும். கொஞ்சம் ஊடே புகுந்தால்தான் வேகம் தணியும். வேலி மரத்தின் வேர் வாழையின் தண்ணீரை உறிஞ்சாதபடி நடுவே ஒரு பள்ளம் வெட்டி, ஆண்டுக்கொருமுறை அந்த வேரை அறுத்துவிடுங்கள்.