கழிவுப் பீப்பாவில் மாதிரி எடுப்பது எப்படி?

கராஜிலோ படகு எஞ்சின் திருத்தும் இடத்திலோ சேர்ந்த கழிவுத் திரவம் ஆபத்தானதா என்று ஆய்வுகூடம்தான் சொல்லும். ஆனால் அங்கே போவது பீப்பா இல்லை, நீங்கள் நிரப்பிய போத்தல். அதனால் போத்தலில்தான் எல்லாம் இருக்கிறது.

கையுறை, கண்ணாடி, நீளச் சப்பாத்து போடாமல் கிட்டப் போகவேண்டாம். வீங்கிய பீப்பாவைத் தொடவே வேண்டாம். திருகோணமலை வெயிலில் நின்ற பீப்பாவுக்குள் ஆவி அமுக்கமாக இருக்கும். காலையிலேயே, தீப்பொறி தராத பித்தளைச் சாவியால், மூடியை மெல்லத் தளர்த்துங்கள்.

இனி முக்கியமான இடம். பீப்பாவுக்குள் மேலே எண்ணெய், நடுவில் தண்ணீர், அடியில் சேறு என்று படை படையாக நிற்கும். மேலால் ஒரு கோப்பை அள்ளினால் எண்ணெய் மட்டும்தான் வரும். அடியில் கிடக்கும் ஈயம் தப்பிவிடும். இதற்கென்று அடியில் அடைப்பானுள்ள நீளக் குழாய் உண்டு, கோலிவாசா என்பார்கள். அதை மிக மெதுவாக இறக்குங்கள். குழாய்க்குள்ளும் வெளியிலும் திரவமட்டம் ஒன்றாகவே நிற்கவேண்டும். உள்மட்டம் தாழ்ந்தால் வேகம் கூடிவிட்டது, எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அடி தட்டியதும் அடைப்பானை இறுக்கி, வெளிப்புறத்தைத் துடைத்து, போத்தலில் ஊற்றுங்கள். நான் கண்ணாடிக் குழாயைத்தான் சொல்வேன்: கரைப்பான்கள் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஹைட்ரோபுளோரிக் அமிலம், கடும் காரக் கரைசல் என்றால் மட்டும் பிளாஸ்டிக்.

ஆவியாகும் கரைப்பான்களுக்கு 40 மில்லிலீற்றர் குப்பி. விளிம்பு ததும்ப நிரப்பி மூடி, தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். குமிழி தெரிந்தால் வேறு குப்பி எடுங்கள்.

பெயர்ச்சீட்டு, மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதியும் கைமாற்றுப் படிவம், ஐஸ் பெட்டி. கொழும்புக்கு அனுப்புவதென்றால் வழியில் ஐஸ் உருகும், கூடுதலாகப் போடுங்கள். 4 பாகை செல்சியஸ் அளவில் இருக்கவேண்டும்.

அமெரிக்க அளவுகோலின்படி, தீப்பற்றுநிலை (ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை) 60 பாகை செல்சியஸுக்குக் கீழே, பி.எச். 2 அல்லது அதற்குக் கீழே, இல்லையேல் 12.5 அல்லது அதற்கு மேலே, நச்சுச் சோதனையில் (கழிவிலிருந்து பிரிந்துவரும் நச்சை அளப்பது) ஈயம் லீற்றருக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலே, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஆபத்தான கழிவு. இலங்கையில் 2008 ஆம் ஆண்டு தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகளின் அட்டவணையையும் பாருங்கள். அதில் வரும் கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும்.

பின்சேர்க்கை: கிணற்றுத் தண்ணீர் மாதிரிக்குப் போல நைத்திரிக் அமிலம் விடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். பி.எச். முடிவும் நச்சுச் சோதனையும் கெடும். கழிவில் சயனைட்டு இருந்தால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். நச்சுச் சோதனைக்கான சாற்றைப் பிரித்தெடுத்த பிறகு அதில் அமிலம் சேர்ப்பது ஆய்வுகூடத்தின் வேலை.