செவலைக்கு ஒரு துணிக் காலர்: வயதான பூனை புண்ணைப் பிறாண்டாமல் பார்த்துக்கொள்வது

எங்கள் செவலைக்குப் பதினான்கு வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் என் தையல் மிஷினுக்குக் கீழே, கட்பீஸ் மூட்டை மேல் படுத்தே வளர்ந்தவன். போன கோடையில் அவனுக்கு வலது கண்ணுக்குக் கீழே முடி கொட்டி, ஒரு ரூபாய்க் காசு அளவில் புண் வந்தது. பின்னங்காலைத் தூக்கி அந்த இடத்தையே பிறாண்டுவான். பகலில் பொருக்குக் கட்டும், விடிவதற்குள் மறுபடி ரத்தம். ஏற்கெனவே கிட்னி பலவீனமானவன், உடம்பும் இளைத்திருந்தான். குட்டிப் பூனைக்குச் செய்வதையெல்லாம் இவனுக்குச் செய்ய முடியாது. மூன்று வாரம் அவனோடு இருந்து நான் கற்றுக்கொண்டதை, வீட்டில் இப்படி ஒரு கிழவனோ கிழவியோ இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பூனை சும்மா பிறாண்டாது. தெள்ளுப்பூச்சி, காதுக்குள் பூச்சி, படர்தாமரை, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமை என்று காரணம் பல. படர்தாமரை என்றால் நமக்கும் ஒட்டும், தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெள்ளைக் காது உள்ள பூனைக்குக் காது நுனியில் ஆறாத புண் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வெயில் பட்டுப் பட்டு அந்த இடத்தில் புற்றுநோய் வருவதுண்டு.

நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் புண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒரு களிம்பு கொடுத்தார்கள். ஐந்து நாளாகியும் குறையவில்லை. அப்புறம்தான் என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் பிறாண்டும் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். காலை ஏழேகால், மதியம் ஒன்றரை, ராத்திரி எட்டு. இரண்டு நாளில் தெரிந்துவிட்டது: சாப்பிட்டு முடித்த பத்து நிமிடத்துக்குள்தான் அதிகம் பிறாண்டுகிறான். சாப்பிடும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுகிறான் என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

அந்த நோட்டோடு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. வடசென்னைக்காரர்களுக்கு ஆட்டோவில் எட்டிவிடும் தூரம்தான். காலையிலேயே போய்விடுங்கள். நான் மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் என் பழைய புடவையை விரித்து உட்காரவைத்தேன், என் வாசனை இருந்ததால் வழியெல்லாம் கத்தவில்லை. டாக்டர் நோட்டைப் பார்த்தார், வாயைத் திறந்தார். மேல்வரிசைக் கடைவாய்ப் பல் கெட்டுப்போய் வேரில் சீழ் கட்டியிருந்தது. அந்தச் சீழ்தான் கன்னம் வழியாக வெளியே வந்திருக்கிறது. பல்லைப் பிடுங்க வேண்டும், ஆனால் மயக்க மருந்தைக் கிட்னி தாங்குமா என்று ரத்தப் பரிசோதனை செய்து, சில நாள் டிரிப் ஏற்றி, அப்புறம்தான் முடியும் என்றார். ஆகவே ஒன்பது நாள், கையில் மருந்தோடும் கன்னத்தில் புண்ணோடும் நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவன் பிறாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த ஒன்பது நாளும் என் வேலை.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் கூம்பு காலரை முதல் நாள் மாட்டினேன். பின்பக்கமாகவே நடந்து சுவரில் மோதினான், கட்டிலுக்கு அடியில் போய் ராத்திரி முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தான். கிட்னி நோய் உள்ள பூனை தண்ணீர் குடிக்காமல் இருக்கவே கூடாது. திடமான பூனைக்கு அந்தக் கூம்பு சரிதான், ஒரு நாளில் பழகிவிடும். இளைத்துப்போன கிழட்டுப் பூனைக்குத் துணியில் தைப்பதே நல்லது என்பது என் முடிவு.

தைக்கத் தெரிந்தவர்களுக்கு அரைமணி நேர வேலை. இஞ்சு டேப்பால் கழுத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள், செவலைக்கு ஒன்பது இஞ்சு. கழுத்திலிருந்து மூக்கு நுனி வரை அளந்ததில் நாலு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. அம்பர்லா பாவாடைக்கு வட்டம் போடுவதுபோல இரண்டு இஞ்சு ரேடியஸில் உள்வட்டம், ஆறு இஞ்சு ரேடியஸில் வெளிவட்டம் போட்டேன். அப்படிச் செய்தால் பட்டையின் அகலம் நாலு இஞ்சு வரும். உள்வட்டத்தின் சுற்றளவு பன்னிரண்டரை இஞ்சு இருக்கும். ஒரு இடத்தில் வெட்டிவிட்டு, இரண்டரை இஞ்சை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பூட்டினால் கழுத்தளவு பத்து ஆகிவிடும். ஏற்றிப் பூட்டுவதால் தட்டையாக இல்லாமல் லேசாகக் கூம்பாகவும் நிற்கும். உங்கள் பூனையின் கழுத்துக்கு ஏற்ப உள்வட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மேலும் கீழும் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன காட்டன் தலையணை உறை, நடுவில் சட்டைக் காலருக்குப் போடும் கேன்வாஸ் இரண்டு மடிப்பு. எம்.சி. ரோட்டில் தையல் சாமான் விற்கும் கடைகளில் கேன்வாஸும் வெல்க்ரோவும் கிடைக்கும். ஓரங்களுக்குக் கிராஸ் பீஸ் (துணியைக் கோணலாக வெட்டிய பட்டை) வைத்து மடித்துத் தையுங்கள், உள்வட்டத்துக்கு இரண்டு சுற்று. பிசிறு வெளியே தெரிந்தால் கழுத்தில் இன்னொரு புண் வரும். வெல்க்ரோவில் முள் பக்கம் பூனையின் முடியைப் பார்க்கவே கூடாது. அடியில் வரும் ஓரத்தில் முள் பக்கத்தை மேல்நோக்கியும், மேலே வரும் ஓரத்தில் பஞ்சுப் பக்கத்தைக் கீழ்நோக்கியும் வைத்துத் தையுங்கள். மாட்டியபின் கழுத்துக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முன்கால் நுழைகிற அளவு தளர்வாக இருந்தால் காலை விட்டுச் சிக்கிக்கொள்வான், அது ஆபத்து. முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள்.

இரண்டு காலர் தைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் எச்சிலும் தண்ணீரும் பட்டு ஒன்று நனைந்துவிடும். ஈரக் காலரைக் கழுத்தில் விடக்கூடாது. கரண்ட் போய்விட்டால் கழற்றிவிட்டு நான் மடியில் வைத்துக்கொள்வேன், மதியத்துக்கு மேல் கடல்காற்று வரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து.

புண் கழுத்திலேயே இருந்தால் இந்தக் காலர் உதவாது, அதுவே உரசும். அப்போது குழந்தைக்குப் போடும் காட்டன் சாக்ஸைப் பின்னங்காலில் மாட்டி, மேலே மைக்ரோபோர் டேப்பை இழுக்காமல் தளர்வாக ஒரு சுற்று ஒட்டலாம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு கிழப்பூனை வழுக்கி விழும். ஆகவே தரையில் கோணியை விரித்துவிடுங்கள். பாதம் வீங்குகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.

பின்னங்கால் நகத்தை அவசியம் வெட்ட வேண்டும். வயதான பூனைக்கு நகம் தடித்து வளைந்து உள்ளங்கால் சதைக்குள்ளேயே ஏறிவிடும். செவலைக்கு ஒரு விரலில் அப்படி ஏற ஆரம்பித்திருந்தது. அவன் சாப்பிட்டு அசந்து தூங்கும்போது என் பெண் மடியில் பிடித்துக்கொள்வாள். நான் விரலை மெல்ல அழுத்தி நகத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். உள்ளே ரோஸ் நிறத்தில் தெரிவது ரத்தநாளம். அதற்கு முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு நகம் போதும், மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ரத்தம் வந்தால் சோளமாவைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள்.

புண்ணைத் துடைக்கக் கால் லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. வெதுவெதுப்பாக இருக்கட்டும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். காஸ் துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்திருந்தால் பொருக்கு ஊறும். ஊறியது தானாக வந்தால் வரட்டும், உரிக்காதீர்கள். நடுவிலிருந்து வெளியே துடையுங்கள்.

நல்லது நினைத்து அக்கம்பக்கத்தில் பலரும் பலதைச் சொல்வார்கள். கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: டெட்டால் வேண்டாம், பூனைக்கு அது விஷம். நாம் சொறிக்குப் போடும் களிம்புகள், குழந்தைக்குத் தடவும் ஜிங்க் களிம்பு, டீ ட்ரீ எண்ணெய் எதுவும் வேண்டாம். தடவியதெல்லாம் கடைசியில் நக்கி வயிற்றுக்குள்தான் போகும். நாய்க்கு விடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகும். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும், அதன் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. வலிக்கிறதே என்று மனசு கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் காலரைக் கழற்றிவிடுவேன். காரப்பொடி என்கிற சின்ன மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்து மசித்து, டாக்டர் சொன்ன கிட்னி உணவோடு ஒரு ஸ்பூன் மட்டும் கலந்து கொடுத்தேன். வாசனைக்காகவாவது சாப்பிடுவான். தட்டைக் கவிழ்த்த பாத்திரத்தின்மேல் உயர்த்தி வைத்தால் கழுத்தைக் குனிய வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் வரும் அந்தப் பத்து நிமிடம்தான் கெட்ட நேரம். அவன் பின்பாதம் மேலே வரும்போது என் உள்ளங்கையைக் கொடுப்பேன். கன்னத்துக்குப் பதிலாகக் கையை இரண்டு தடவை உதைப்பான், அப்புறம் என்னைப் பார்ப்பான். தாடைக்குக் கீழே, புண்ணிலிருந்து தள்ளி, ஒரு விரலால் மெல்ல வருடிக்கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்வான். அதன்பின் காலர்.

ஈயிடம் மிகவும் கவனம். புண்ணில் ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மீன் கழுவிய தண்ணீரை அவன் படுக்கும் பக்கம் கொட்டாமல் பார்த்துக்கொண்டோம், பகலில் கொசுவலைக்குள் படுக்கவைத்தோம். புழு தெரிந்தாலோ, புண் நாறினாலோ, கண் வீங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூத்திரம் நின்றாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலும் அப்படித்தான். பூனை பட்டினி கிடந்தால் கல்லீரல் கெட்டுவிடும்.

பல்லைப் பிடுங்கிய பிறகு சாப்பாட்டுக்குப் பின் பிறாண்டுவது நின்றது. ஆனால் புண் ஆறும்போது வரும் அரிப்பு தனி. பொருக்கு விழுந்து, அடியில் தோல் மூடி, பூனைமுடி குத்துக்குத்தாக முளைக்கும் வரை காலரை எடுக்காதீர்கள். எடுக்கும்போதும் முதலில் பகலில் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள், ராத்திரிக் காலரைக் கடைசியாக. செவலைக்கு ராத்திரிக் காலரைப் பல் பிடுங்கிய பன்னிரண்டாம் நாள் கழற்றினேன். கன்னத்தில் அந்த இடத்தில் மட்டும் முடி கொஞ்சம் வெளுத்து முளைத்திருக்கிறது.