கோத்தகிரியில் பைக்கோடு கூடாரம்: சாப்பாட்டை எங்கே வைப்பது?

காரில் போனால் டிக்கி இருக்கிறது. பைக்கில் நம்மிடம் இருப்பது துணிப் பையும் சீட்டுக்குப் பின்னால் மாட்டும் பிளாஸ்டிக் டாப் பாக்ஸும்தான். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடிகள் கோயில் கதவை உடைத்து விளக்குக்கு ஊற்றும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிற செய்தி அடிக்கடி வரும். கதவையே பெயர்க்கிற கரடிக்கு டாப் பாக்ஸ் பூட்டு எந்த மூலைக்கு?

1. வீட்டிலேயே பாதி வேலை

விலங்கைக் கூப்பிடுவது வாசனைதான். அதனால் வாழைப்பழம், கருவாடு, நெய், வெல்லம், நல்லெண்ணெய் பாட்டில் எதுவும் வேண்டாம். அவல், சத்துமாவு, வறுத்த ரவை, பொட்டுக்கடலை போதும். ஒரு வேளைக்கு ஒரு ஜிப்லாக் கவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்தில் அடக்குங்கள். எலி துணிப் பையைக் கடித்துவிடும், எவர்சில்வரை ஒன்றும் செய்ய முடியாது. சம்படம் எப்போதும் ஒரே பக்கப் பையில் இருக்கட்டும், பெட்ரோல் கேன் மறுபக்கம். ஒரு நாளுக்கு மேல் சுமக்க வேண்டாம், கோத்தகிரி கடைவீதியில் எல்லாம் கிடைக்கும்.

பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் டேங்க் பேக்கில் தின்பண்டம் வைக்கவே கூடாது. நான் கூடாரக் கம்பியை மாட்டிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் ஒரு குரங்கு ஜிப்பை இழுத்துத் திறந்து பிஸ்கட்டை எடுத்துப் போய்விட்டது. பகலில் கரடியைவிடக் குரங்கிடம்தான் கவனம் வேண்டும்.

2. இடம்

காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் தங்க இடம் தருகிறவர்களிடம் போங்கள். போனதும் கேட்க வேண்டியது: “அண்ணே, ராத்திரி சாப்பாட்டுப் பையை உங்க ஸ்டோர் ரூம்ல வச்சுக்கலாமா? கரடி எந்தப் பக்கமா வரும்?” அவர் காட்டுகிற பாதையை விட்டுத் தள்ளிக் கூடாரம் போடுங்கள். பலா மரத்தடி வேண்டவே வேண்டாம். மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிற குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கும் காலத்தில் யானைகள் அதற்காகவே மேலேறி வரும்.

3. சமையல்

இருட்டுவதற்குள் சமைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அடுப்பு கூடாரத்திலிருந்து எழுபது மீட்டராவது தள்ளி, காற்று கூடாரத்தின் பக்கம் வீசாத இடத்தில் இருக்கட்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி, பருக்கைகளைக் கவரில் கட்டுங்கள். அதுவும் சாப்பாடுதான். சமைத்த சட்டையோடு தூங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

4. இரவு

சம்படம், குப்பைக் கவர், பற்பசை, சோப்பு எல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போக வேண்டும். பற்பசையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்க வீடியோக்களில் பையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அதை நம்பாதீர்கள். நம் கரடி தேனுக்காக மரமேறும். குரங்குக்கு மரம்தான் வீடு. யானைக்குத் தும்பிக்கை இருக்கிறது. பூட்டிய அறை இல்லையென்றால், இருப்பதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படுப்பதே நல்லது. காலைச் சாப்பாட்டை ஊருக்குள் போய்ச் சாப்பிடலாம்.

காலிப் பைகளை பைக்கிலேயே விட்டு ஜிப்பைத் திறந்து வையுங்கள். மோப்பம் பிடித்து வருகிற விலங்கு பார்த்துவிட்டுப் போய்விடலாம், கிழிக்க வாய்ப்பு குறைவு.

நம் பை பத்திரமாக இருப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கேரளாவின் சின்னக்கானலில் இருந்த அரிக்கொம்பன் ரேஷன் கடை அரிசிக்குப் பழகிய யானை. 2023இல் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பிறந்த காட்டிலிருந்து தூக்கிப் போனார்கள். சில வாரத்தில் கம்பம் ஊருக்குள் வந்துவிட்டது என்று மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி பழகிவிட்டால் அவதி விலங்குக்குத்தான். ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், விலங்கு வந்து பையை எடுத்தால் விட்டுவிடுங்கள். கல் எறிவதோ, பைக்கைக் கிளப்பி விரட்டுவதோ கூடாது. இரவில் எழுந்து போக வேண்டியிருந்தால் டார்ச் அடித்து, குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். பெரும்பாலும் எதிர்பாராமல் எதிரே ஆள் வரும்போதுதான் கரடி பாய்கிறது.