கரிசல் மண்ணில் வீடு வாங்க வருகிறவர்களுக்கு

டிசம்பர் லீவில் வந்து வீடு பார்க்காதீர்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கமெல்லாம் கரிசல். மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு வந்தால், சித்திரையில் வாய் பிளந்து நின்ற விரிசல் பெரும்பாலும் ஒட்டிக் கிடக்கும். மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் தெரியவே தெரியாது. மே மாதம் வாருங்கள், வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நான் ஜனவரியில் போனேன். மெல்போர்னில் வீட்டைச் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டோம். ஊரில் அந்த வழக்கம் குறைவு, சிவில் இன்ஜினியரை நாமேதான் கூட்டிப்போக வேண்டும். விற்கிறவர் எனக்கு மாமா முறை. இன்ஜினியர் வண்டியை விட்டு இறங்கும்போதே மாமா முகம் மாறிவிட்டது.

ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். கீழே நூல் மாதிரி, மேலே போகப் போக அகலம். "பூச்சு வெடிப்பு மாப்ளே, எல்லா வீட்லயும் இருக்கும்" என்றார் மாமா. இன்ஜினியர் வெளியே போய் அதே இடத்தைக் காட்டினார். அங்கேயும் அதே கோடு. பூச்சு வெடிப்பு என்றால் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். சுவரின் இரண்டு பக்கமும் இருந்தால் கட்டுமானமே விட்டிருக்கிறது, அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். வண்டிச் சாவியை உள்ளே விட்டார், பாதிச் சாவி போய்விட்டது. மாமா அப்போதும் "பெயிண்ட் கோடு" என்றார். படுக்கையறைக் கதவின் மேல்விளிம்பு புதிதாக இழைக்கப்பட்டிருந்தது. கேட்டால், மழைக்குக் கதவு ஊதிக்கொண்டதாம்.

மூன்று மணி நேரம் இதே பேச்சு. அன்றைக்கே ஐந்து லட்சம் அட்வான்ஸ் வேண்டும் என்றார். நான் தயங்கியதும், "ஒங்க ஆச்சி செத்தப்ப வராதவன், செவுத்தப் பாக்க ஆள் கூட்டி வந்துட்டான்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நீங்கள் கொடுக்காதீர்கள். உறவுக்காரர் வீடென்றால் இன்ஜினியரை முதலில் தனியாக அனுப்புங்கள், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத குறைக்குத்தான் அது. கண்ணெதிரே இருக்கும் விரிசலுக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

அவசரம் இல்லையென்றால், விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். சுவர் அசைந்தால் அது உடையும். நான் பிப்ரவரியில் ஒட்டச் சொல்லிவிட்டு வந்தேன். சித்திரை பிறந்து பத்தாம் நாள் இன்ஜினியர் போட்டோ அனுப்பினார். கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. பின்னால் ஆச்சி வீட்டு வேப்பமரம் தெரிந்தது.