நெடுந்தூர ஓட்டப் பயிற்றுநராக நிலைக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் வலயமட்டப் போட்டி நெருங்கும்போதுதான் பல மைதானங்கள் உயிர் பெறும். நல்லாய் ஓடுகிற ஒரு பிள்ளையைப் பிடித்து, ஆறு கிழமைக்குத் தினமும் மூச்சு முட்ட ஓட விடுவார்கள். பதக்கமும் வரும். அடுத்த வருடம் முழங்கால் வலி, உயர்தர வகுப்பு, ரியூசன் என்று அந்தப் பிள்ளை ஓட்டத்தையே விட்டுவிடும். ஒரு பருவத்துக்காகப் பிள்ளையைத் தேய்த்துவிடுவதுதான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய தவறு. வருடா வருடம் புதுப் பிள்ளைகளைத் தேடும் பயிற்றுநரை ஊர் நெடுநாள் நம்பாது.

நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் சினெல் 800 மீற்றரிலும் மறி ஹால்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கம் வென்றார்கள். வேகப் பயிற்சிக்கு முன் மாதக்கணக்கில் நீண்ட தூரம் ஓடி உடலைத் தயார்படுத்துவது அவர் முறை. அவரிடமிருந்து எடுக்க வேண்டியது அந்த வரிசைமுறையைத்தான். கிழமைக்கு 160 கிலோமீற்றர் என்ற அவருடைய கணக்கைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்படியே கொடுத்தால் காயம்தான் மிஞ்சும். பெரும்பாலான நாட்களில் பிள்ளை கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் நம்மிடம் உள்ள கூச்சம் ஆபத்தானது. ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பு பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதைத் தனியாக எச்சரித்தது. மாதவிடாய் நின்றால் ‘பயிற்சி நல்லாய்ப் பிடிக்குது’ என்று எண்ணிவிடாதீர்கள். நேரே கேட்கத் தயக்கமென்றால் தாயையோ ஓர் ஆசிரியையையோ முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். கணுக்கால் எலும்பில் ஒரே இடத்தை அழுத்தினால் வலிக்கிறதென்றால் எண்ணெய் பூசி ஓட விடக் கூடாது, வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாடசாலை விட்டவுடன் கடும் பயிற்சி வேண்டாம். வெயிலுக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கச் சொல்வதும் தவறு, இரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். கடற்கரையில் ஓடும்போது மணல் சரிவு ஒரு காலுக்கே சுமை கொடுக்கும். நல்லாய் இறுகிய சமதரையைத் தேடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி வையுங்கள்: ஓடிய தூரம், தூக்கம், வலி.

கடைசியாகப் பணம். பிள்ளைகளுக்காகக் காசு கேட்கக் கூசி, கடனில் விழுந்து, மைதானத்தையே விட்ட நல்லவர்கள் உண்டு. காலையில் உட்துறைமுக வீதியில் ஓட விரும்பும் உத்தியோகத்தர்களுக்கும் பயிற்சி தேவை, அவர்களால் கட்டணம் தரவும் முடியும். முதல் நாளே தொகையையும் தவணையையும் எழுத்தில் கொடுங்கள். வசதியில்லாத பிள்ளைகளை அந்த வருமானத்தில் தாங்கலாம்.