வெபரையும் பூர்தியூவையும் சேர்த்துப் படித்தபோது

சமூகவியல் முதுகலையில் செவ்வியல் கோட்பாடும் சமகாலக் கோட்பாடும் தனித்தனித் தாள்களாக இருந்ததால், சிந்தனையாளர்களின் கருத்துகள் நினைவில் நின்றனவே தவிர, யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது பிடிபடவில்லை. கால வரிசையை விட்டுவிட்டு, ஏற்றத்தாழ்வு எவ்வாறு நிலைக்கிறது என்ற ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்டுப் படிக்கத் தொடங்கியதும் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

மார்க்ஸ் விடையை உற்பத்தி உறவுகளில், அதாவது உற்பத்திச் சாதனங்கள் யாருக்குச் சொந்தம், யார் உழைக்கிறார் என்பதில் தேடினார். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரோ, சந்தை வாய்ப்பைப் பொறுத்த வர்க்கத்தையும், சமூக மதிப்பையும் வாழ்க்கைமுறையையும் பொறுத்த அந்தஸ்துக் குழுவையும் பிரித்துக் காட்டினார். வர்க்கம், அந்தஸ்து ஆகிய இவ்விரண்டையும் மீண்டும் இணைக்கும் முயற்சியாகவே, 1979இல் பிரெஞ்சில் வெளிவந்த பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் 'லா திஸ்தாங்சியோன்' என்ற நூல் எனக்குப் புரிந்தது. 1960களில் பிரான்சில் எடுத்த கணக்கெடுப்பைக் கொண்டு, பாக்கின் செவ்வியல் இசைப்படைப்பான 'வெல் டெம்பர்டு கிளேவியர்' உயர்கல்வி ஆசிரியர்களிடமும், 'புளூ டானூப்' என்ற வால்ட்ஸ் நடன இசை உடலுழைப்புத் தொழிலாளர்களிடமும் எழுத்தர்களிடமும் அதிகம் விரும்பப்பட்டதை அவர் காட்டும் பக்கம் மிக முக்கியமானது. தனிப்பட்டதாகத் தோன்றும் ரசனையில் வர்க்க நிலையும் பண்பாட்டு மூலதனமும் (கல்வியாலும் வளர்ப்பாலும் கிடைக்கும் அறிவும் ரசனைப் பழக்கமும்) பதிந்திருப்பதை அங்கே நேரடியாகக் காணலாம்.

குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் வெபரின் வாதத்தையும், வலப்பக்கத்தில் பூர்தியூ அதில் எதை ஏற்கிறார், எதை மாற்றுகிறார் என்பதையும் எழுதிவந்தேன். அவ்வாறு படித்த பிறகு, வாழ்க்கைமுறை வர்க்கத்திலிருந்து விலகி நிற்பதில்லை என்ற பூர்தியூவின் நிலைப்பாடே எனக்கு வலுவானதாகத் தோன்றுகிறது.